நீலப் புள்ளித் தேனீயின் நீண்ட ஆயுள்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நான் போத்தல் இறக்கிய முதல் நாளே ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து குந்தி, வீட்டில ஆர், பிள்ளை, மோசம்போனது என்று விசாரித்தார். ஒருவரும் இல்லை, இது மரவள்ளிக் கஞ்சி என்றேன். அவர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். துக்கத்தில் புத்தி பேதலித்த பெண்கள் அவருக்குப் புதிதில்லைப்போல. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போய்விட்டார்.

அவரில் பிழை சொல்ல ஏலாது. கன்னியாவுக்கு வருகிறவர்கள் ஒன்றில் குளிக்க வருவார்கள், அல்லது செத்தவர்களுக்குக் காரியம் செய்ய வருவார்கள். இடுப்பளவு கட்டுப் போட்ட ஏழு சின்னக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். அந்த இடத்தில் இருபத்துமூன்று வயதுப் பெண்ணொருத்தி போத்தல்களின் கழுத்தில் சணல் கயிறு கட்டி மூன்று கிணறுகளுக்குள் விட்டு, மணிக்கொருதரம் தூக்கிப் பார்த்து, பீங்கான் தட்டில் ஒரு துளி ஊற்றி, அதன்மேல் வேறொரு துளி விட்டு, உற்றுப் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தால் சனம் என்னதான் நினைக்கும்? காரியம் செய்ய வந்த ஐயரே இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, இது எந்த ஊர் முறை என்று கேட்டார். அரசாங்க முறை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். எழுபதுகளின் தொடக்கம். சீனி கூப்பனுக்குத்தான். பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்த காலம். அந்த நேரம் பார்த்து மேலிடத்தில் யாருக்கோ தேனீக்களைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. பூ இல்லாத மாதங்களில் தேனீக்குச் சீனிப் பாகு வைத்துத்தான் காப்பாற்றுவார்கள். மனிசருக்கே சீனி இல்லை, தேனீக்கு எங்கே போவது? ஆகவே மரவள்ளி மாவைப் பாகாக்கலாமா, ஆக்கினால் தேனீ குடிக்குமா என்று பார்க்கச் சொல்லி ஓர் ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். நிலையம் என்றால் என்ன, யுத்தகாலத்தில் வெள்ளைக்காரக் கடற்படை கட்டிவிட்டுப்போன ஒரு தகரக் கொட்டகை. கிணறுகளிலிருந்து கூப்பிடு தூரம். அதில் மூன்று தேன்பெட்டி, இரண்டு கதிரை, ஒரு மேசை, ஒரு அலுமாரி, மூன்று பேர்.

முதலாமவர் எங்கள் அலுவலர். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் அவரைச் சேர் என்போம். தேனீக்களை அவர் ஒருநாளும் அது, இது என்று சொன்னதில்லை, அவள் என்றுதான் சொல்வார். தன் மனைவியைப் பற்றி அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. இரண்டாமவர் கிண்ணியாவிலிருந்து சைக்கிளிலும் தோணியிலும் மாறி மாறி வேலைக்கு வரும் ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்போம். தேன்பெட்டி அவர் பொறுப்பு. வெறுங்கையால் அடையைத் தூக்குவார், ஒரு தேனீ குத்தாது. மூன்றாவது நான். தற்காலிக ஆய்வுகூட உதவியாளர். அந்தத் 'தற்காலிக' என்ற சொல் எப்போது உதிரும் என்று கேட்டு நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு தேன்பெட்டி நிறையும்.

குரக்கனை நனைத்துச் சாக்கில் கட்டி வைத்தால் மூன்றாம் நாள் முளைவிடும். முளைவிடும்போது விதைக்குள் ஒரு நொதியம் வேலை தொடங்கும். மாப்பொருளை வெட்டி வெட்டி இனிப்பாக்கும். விதை தன் முளைக்குத் தானே சோறூட்டுகிற வித்தை அது. அந்தக் குரக்கனைக் காயவைத்து அரைத்து மரவள்ளிக் கஞ்சியில் கலந்தால் கஞ்சியையும் அது இனிப்பாக்கிவிடும். ஆனால் ஒரே அளவுச் சூடு மணிக்கணக்காக வேண்டும். கூடினால் நொதியம் வெந்துபோகும், குறைந்தால் தூங்கிப்போகும். அந்தச் சூட்டைக் கொடுக்கிற கருவி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வெளிநாட்டிலிருந்து அப்போது ஊசியே வரவில்லை. சேர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை துள்ளிக்கொண்டு வந்தார். தாயின் காரியத்துக்காக இராவணன் வாளால் குத்தி எடுத்த ஊற்றுகள் என்பது இந்த ஏழு கிணற்றுக்கும் உள்ள கதை. "அரசாங்கம் தராட்டி என்ன பிள்ளை, இராவணன் தந்திருக்கிறான்" என்றார். இராவணனுக்கு அடுத்தபடி அந்தத் தண்ணீரை அறிவியலுக்குப் பயன்படுத்தியது நாங்கள்தான் என்று பிறகு அறிக்கையிலும் எழுதப் பார்த்தார். நான்தான் வெட்டிவிட்டேன்.

கஞ்சியில் அயடீன் துளி விட்டால் முதலில் மைக்கறுப்பாகும். நொதியம் மாவைத் தின்னத் தின்ன அந்தக் கறுப்பு வெளுத்து, கடைசியில் மஞ்சள் மட்டும் நிற்கும். அப்போது பாகு தயார். நான் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். இனிப்பு இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் சாக்கின் மணமும் புளித்த கூழின் குணமும் அந்த இனிப்புக்கு முன்னால் வந்து நின்றன.

கொட்டகைக்குப் பின்னால் இரண்டு தட்டு வைத்தோம். ஒன்றில் எங்கள் பாகு. மற்றதில், ஒப்பிட்டுப் பார்க்க, அசல் சீனிப் பாகு. அந்தச் சீனிக்கு மாதம் இரண்டு இறாத்தல் விசேட அனுமதி இருந்தது. கடிதத்தைக் கூட்டுறவுக் கடையில் கொடுத்தபோது அங்கிருந்தவர் அதை மூன்று தரம் வாசித்துவிட்டு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். இருபதினாயிரம் வரும் என்றேன். வரிசையில் நின்ற பெண்கள் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகாமல் வீடு வந்தது என் நல்ல காலம்.

எந்தத் தேனீ எந்தத் தட்டுக்குப் போகிறது என்று அறிய அதன் முதுகில் சாயப் புள்ளி வைக்கவேண்டும். சாயத்துக்கும் தட்டுப்பாடு. நானா கடற்கரையிலிருந்து வள்ளத்துக்குப் பூசுகிற பெயின்ரில் மிச்சம் மீதி கொண்டுவந்தார். சீனிக்குப் போகிறவளுக்கு வெள்ளை, பாகுக்குப் போகிறவளுக்கு மஞ்சள், இரண்டிலும் குடிப்பவளுக்கு நீலம் என்று சேர் தீர்மானித்தார். ஈர்க்கு நுனியால் ஒரு தொடுகை. தேனீயின் வெறுப்பு இரண்டு நிமிடம், பிறகு மறந்துவிடும். வெள்ளைப் புள்ளி நிறைய, மஞ்சள் கொஞ்சம். இரண்டு தட்டிலும் குடித்தவள் ஒரே ஒருத்தி. அவளுக்கு நீலப் புள்ளி வைத்தோம். சேருக்கு அவள்மேல் தனிப் பிரியம். பரந்த மனமுள்ளவள் என்பார்.

இடைஞ்சல் காகத்தால் வந்தது. காகங்கள் தட்டைக் கவிழ்த்துச் சீனிப் பாகைக் குடித்தன. சேர் உத்தரவு போட்டார். நானா கெற்றப்போல் என்கிற உண்டிவில்லால் அடித்து அடித்து இரண்டு கிழமையில் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே காகம் இல்லாமல் ஆக்கினார். அதில் எங்களுக்குப் பெருமை வேறு. கிணற்றடியில் காரியம் செய்கிறவர்கள் பிண்டம் வைத்துவிட்டு காகத்துக்காகத்தான் காத்திருப்பார்கள் என்பதும், காகம் தொடாவிட்டால் செத்தவர் ஏற்கவில்லை என்று நெஞ்சிலடித்து அழுவார்கள் என்பதும் மூன்று படித்த தலைகளில் ஒன்றுக்கும் வரவில்லை. நானாவுக்கு அந்த வழக்கம் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் அறிவியலில் மும்முரமாக இருந்தோம்.

மாசி மாதம் முடிகிற நேரம் இறக்கக்கண்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், உலர்ந்துபோன உடம்பு. கூட அவருடைய தம்பியார். ஒரே மகன். போன மாரிக்கு முந்தின மாரியில் கடலுக்குப் போனவன். அவனும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை, ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த அம்மா காரியம் செய்ய விடவில்லை. பொடியன் வந்து நின்றால் என்ன முகத்தோடு பார்ப்பது என்று கேட்டாராம். கடைசியில் சொந்தக்காரர் கூடி நெருக்கி, தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, இங்கே கூட்டிவந்தார்கள்.

அன்றைக்கும் நான் போத்தலோடு அங்கேதான் இருந்தேன். ஐயர் எல்லாம் செய்து முடித்தார். வாழையிலையில் சோறு, எள்ளு, வாழைப்பழம், கூப்பன் சீனியில் மிச்சம்பிடித்த ஒரு பிடி. காகம் இல்லை. தம்பியார் கா, கா என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஐயர் நேரத்தைப் பார்த்தார். அந்த அம்மா அழவில்லை, எழும்பவுமில்லை. அரைமணி, ஒருமணி என்று இலைக்கு முன்னால் கல்லாக இருந்தார். காகத்தை விரட்டியவள் பக்கத்தில் போத்தல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் ஒரு தேனீ வந்து வாழைப்பழத்தில் இறங்கியது. முதுகில் நீலப் புள்ளி. எங்கள் பரந்த மனக்காரி மூன்றாவது தட்டொன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த அம்மா குனிந்து பார்த்தார். கையை நீட்டினார். அது பழத்திலிருந்து அவர் விரலில் ஏறி, சீனி ஒட்டிய நகத்தை நக்கிக்கொண்டு நின்றது.

"தம்பி, இஞ்ச பார்" என்றார் அவர். "எங்கட வள்ளத்துப் பெயின்ற்."

வள்ளத்துப் பெயின்ற்தான். இறக்கக்கண்டிக் கடற்கரையில் பாதி வள்ளத்துக்கு அந்த நீலம்தான். நான் வாயைத் திறந்தேன். அது எங்கள் தேனீ என்று சொல்லியிருக்கவேண்டும். அது ஆணே இல்லை, வேலைக்குப் பறக்கிற தேனீ எல்லாம் பெண் என்றும் சொல்லியிருக்கவேண்டும். பின்னால் வந்து நின்ற நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாதே என்று கண்ணைக் காட்டினார். நான் போத்தலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் திரும்பவும் வந்தார். அதற்கடுத்த வெள்ளியும். பஸ் ஏறி, மாறி ஏறி, ஒரு தூக்குச்சட்டியில் இனிப்புச் சோறு. நீலப் புள்ளியும் தவறாமல் வந்தது. தின்ற இடத்துக்குத் திரும்பி வருவது தேனீயின் குணம். மூன்றாம் வெள்ளி தம்பியார் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அக்கா ஒரு வருடமாகக் கஞ்சித் தண்ணியைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லையாம். அடுப்பு மூட்டுவதே இல்லையாம். முதல் நாள் இந்தப் பூச்சியைக் கண்டுவிட்டுப் போய் அன்றைக்குச் சோறு சமைத்து ஒரு கோப்பை சாப்பிட்டாராம். இப்போது ஒருநேரமாவது சாப்பிடுகிறாராம். "இது ஒருநாளைக்கு வரேல்லையெண்டா அக்கா திரும்பப் படுத்திடுவா, தங்கச்சி. பிறகு எழும்பமாட்டா" என்றார். அவர் என்னிடம் ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கிணற்றடியில் எப்போதும் நிற்கிற ஒரே ஆள் நான் என்பதால் இருக்கலாம்.

வெளியில் பறந்து திரியத் தொடங்கிய தேனீ மூன்று நாலு கிழமைதான் தாக்குப்பிடிக்கும். இதை நான் சேரிடம் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்திருந்தேன். பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, பெட்டிக்கு முன்னால் செத்துக் கிடந்ததை நானா கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். செட்டை நாலும் கிழிந்து நார்நாராக இருந்தது. நான் அதைப் பார்த்தபடி இருந்தேன். தேனீ செத்ததற்காக ஒருத்தி அழுவதா என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலை ஈர்க்கும் நீலப் பெயின்ரும் ஒரு நெருப்புப்பெட்டியும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முந்தின நாள் யாரோ வைத்துவிட்டுப் போன பிண்டத்தில் தேனீக்கள் மொய்த்தன. ஒன்றைப் பிடித்தேன். பூசினேன். விட்டேன். பஸ் வருவதற்குள் அது இரண்டு தரம் போய் வந்துவிட்டது. அந்த அம்மா வந்து, கையை நீட்டி, "இண்டைக்கு நல்ல துடியாட்டம்" என்றார். இருக்காதா பின்னே, புதுசு.

நானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது, "மவுத்தானத மவுத்து எண்டு சொல்லுறதுதான் தங்கச்சி நல்லம்" என்றார். அப்படியானால் செத்துப்போச்சு என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவர் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீலப் பெயின்ற் ஒருநாளும் காயாமல் மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கி வைத்திருந்தது யார் என்று நான் கேட்கவுமில்லை.

இப்படியே சித்திரை, வைகாசி. ஒன்று செத்தால் இன்னொன்று. நான் மறந்துபோன ஒரே ஆள் எங்கள் சேர். அவர் தன் கொப்பியில் ஒவ்வொரு தேனீயையும் முதல் கண்ட நாள், கடைசியாகக் கண்ட நாள் என்று எழுதிவந்தார். வெள்ளைப் புள்ளி எல்லாம் செத்தாயிற்று. மஞ்சள் எல்லாம் செத்தாயிற்று. நீலம் மட்டும் இன்னும் பறக்கிறாள். முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கொப்பியை முதல் பக்கத்திலிருந்து திருப்பிப் பார்த்தார். ஆனி மாதத்தில் ஒருநாள் என்னைக் கதிரையில் இருத்தி, மிக மெல்லிய குரலில், உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று இந்தக் கொட்டகையில் நடந்துகொண்டிருக்கிறது பிள்ளை என்றார். சீனி குடித்தவள் சாகிறாள், பாகு குடித்தவள் சாகிறாள், இரண்டையும் கலந்து குடித்தவள் சாகவில்லை. முளைக்குரக்கன் நொதியத்தில் ஆயுளை நீட்டுகிற ஏதோ இருக்கிறது.

நான் அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் தன் கொப்பியிலிருந்து நீலத்தை வெட்டிவிடுவார், அதோடு முடிந்தது. ஆனால் சேர் ஒழுங்கு மனிதர். புள்ளி வைப்பதை நிறுத்து என்றும் சொல்லுவார். வெள்ளிக்கிழமை தூக்குச்சட்டியோடு வருகிற அந்த அம்மாவின் கை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நல்லது சேர் என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டேன்.

வினை வளர்ந்தது. சேர் தினமும் காலையில் ஒரு கிளாஸ் பாகு குடிக்கத் தொடங்கினார். தேனீக்கு வைத்து மிஞ்சியது. முகத்தைச் சுளிக்காமல் குடிக்க ஒரு கிழமை பழகினார். தனக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்றார். என்னையும் குடிக்கச் சொன்னார். மாமியாருக்கு ஒரு போத்தல் அனுப்பினார். மாமியார் பதில் போடவில்லை. மேலிடத்துக்கு அறிக்கை போனது. பதில் பத்தே நாளில் வந்தது, அதுவே ஓர் அதிசயம். தேனீ ஆராய்ச்சியில் நரைத்த பெரிய நிபுணர் ஒருவர் ஆடி மாதம் நேரில் வந்து அந்தத் தேனீயைப் பார்ப்பாராம். நிலையத்தை நிரந்தரமாக்குவது, ஊழியர்களை நிரந்தரமாக்குவது எல்லாம் அதற்குப் பிறகு யோசிக்கப்படுமாம். நான் இரண்டு வருடமாக எழுதிய கடிதங்களுக்கு வராத சொல், செத்துப்போன ஒரு தேனீயால் வந்தது.

அவர் வந்த நாள் வெள்ளிக்கிழமை. நீலப் புள்ளி வெள்ளிக்கிழமைகளில் கிணற்றடி இலைக்குத்தான் போகும் என்று சேருக்கும் தெரியும்; வேறு நாள் குறிக்கச் சொல்லி நான் பட்ட பாடு வீண். முந்தினது அந்தக் கிழமைதான் செத்திருந்தது. காலையில் நானும் நானாவும் வழமைபோல ஒன்றைப் பிடித்துப் பூசினோம். அவசரத்தில் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

நிபுணர் மெலிந்த, சாதுவான சிங்கள மனிதர். கிணற்றடிக்கு வருமுன் சப்பாத்தைக் கழற்றினார், அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அந்த அம்மாவும் தம்பியாரும் ஏற்கெனவே இலை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் குழப்பாமல் மூன்று முழம் தள்ளி நாங்கள் குந்தினோம். தேனீ வந்தது. நிபுணர் பூதக்கண்ணாடியைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், சேரின் மனம் நோகக்கூடாதென்று சொல்லைத் தேடித்தேடி, விளக்கினார். வயதுபோன தேனீக்கு முதுகு மயிர் உதிர்ந்து வழுவழுவென்று கறுத்திருக்கும், செட்டை ஓரம் பிய்ந்திருக்கும். இவளுக்கு முதுகு முழுக்கப் பொன்மயிர், செட்டை புதுக் கண்ணாடி. இவள் வெளியில் பறக்கத் தொடங்கி ஒரு கிழமை ஆகியிருந்தால் அதிகம்.

சேர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். எனக்குச் சொல்லித்தந்த பாடம்தானே. ஆசையில் அவர் அவளைக் கிட்டப் போய்ப் பார்க்கவேயில்லை. அவர் முகம் வெளுத்தது. என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"இதை ஆர் பூசினது?"

ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் நான் ஆங்கிலத்தில் ஏதும் சொல்லித் தப்பியிருப்பேன். மூன்று முழத்தில் அந்த அம்மா இருந்தார்.

"நான்தான் சேர். இண்டைக்குக் காலமை."

அந்த அம்மாவின் தலை திரும்பியது. விரலில் இருந்த தேனீயை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப முந்தி வந்தது?"

"செத்துப்போச்சுது அம்மா."

"எப்ப?"

"பங்குனியில."

"பிறகு வந்தது?"

அதுவும் என்றேன். அதற்குப் பிறகு வந்ததும். எத்தனை என்று கேட்டார். ஐந்து, இது ஆறாவது என்றேன். தம்பியார் அக்காவைப் பிடிக்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா மயங்கி விழுவார் என்றுதான் நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபத்தை நான் அந்த முகத்தில் எதிர்பார்க்கவில்லை.

"ஐஞ்சு தரம் செத்திருக்கிறான்" என்றார். "ஐஞ்சு தரமும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. கடலும் சொல்லேல்லை, நீயும் சொல்லேல்லை. தாய்க்காரிக்கு ஒரு சொல் சொல்லுறதில்லையோ, பிள்ளை?"

அவர் சாப்பிடவேண்டும் என்று நினைத்தேனே தவிர, அவருக்குத் தெரியவேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. வாய்விட்டு அழுதேன். நிபுணர் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

என் அழுகை ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. செத்ததுகள் எங்கே?

புள்ளி வைத்த தேனீ செத்தால் எறியக்கூடாது, நாளும் இடமும் எழுதிப் பஞ்சில் வைத்துப் பாதுகாக்கவேண்டும் என்பது எந்த ஆய்வுகூடத்துக்கும் உள்ள விதி. நான் பொய் சொன்னேனே தவிர விதியை மீறவில்லை. ஐந்தும் அலுமாரியின் அடித்தட்டில், சேர் கண்ணில் படாத மூலையில், ஒரு மருந்துப் பெட்டிக்குள் இருந்தன. நானா சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

அந்த அம்மா பெட்டியை மடியில் வைத்துத் திறந்தார். ஐந்தையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தார். பிறகு ஐயரைக் கூப்பிட்டு, உடம்பு வந்துவிட்டது, இனி முறையாகச் செய்யுங்கள் என்றார். ஐயர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், சேரைப் பார்த்தார், நிபுணரைப் பார்த்தார். அரசாங்கத்தில் இருந்து ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. "புல்லுக்கே செய்தாச்சு, இதுக்குச் செய்ய என்ன தடை" என்று சொல்லிவிட்டுப் பூணூலை மாற்றிப் போட்டார்.

செத்தவருக்கு என்ன வயது என்று கேட்டார். "இருபத்தொண்டு" என்றார் அந்த அம்மா. அந்த வயதை அவர் சொல்லி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். காரியம் ஒரு மணித்தியாலம் நடந்தது. நிபுணர் வெறுங்காலோடு சுடுமணலில் கடைசிவரை நின்றார். ஏழு கிணற்றிலும் குளித்து, ஈரச்சேலையோடு அந்த அம்மா திரும்பி வந்தபோது ஆறாவது தேனீ இன்னும் வாழைப்பழத்தில் இருந்தது. அதை ஒருதரம் பார்த்தார். "இது வேற ஆரின்ரையோ பிள்ளை, போகட்டும்" என்று சேலைத் தலைப்பால் மெல்ல விசுக்கிவிட்டார்.

எங்களுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நிபுணர் எங்கள்மேல் ஒரு குறையும் எழுதவில்லை. மரவள்ளிப் பாகைத் தேனீக்கள் விரும்பிக் குடிப்பதாகத் தெரியவில்லை என்று மட்டும் எழுதினார். அடுத்த தை மாதம் கொட்டகையைப் பூட்டினார்கள். சேரைத் தெற்கில் கரும்புத் திணைக்களம் எதற்கோ மாற்றினார்கள். தற்காலிகமாக வந்த நான் தற்காலிகமாகவே போனேன். சேர் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள், அவளுக்கு முதுகு மயிர் இருந்ததைத் தானே பார்த்திருக்கவேண்டும் என்று அவராகவே சொன்னார். என்மேல் அவருக்கு இருந்த கோபம் அவ்வளவுதான். நல்ல மனிதர்.

ஆனால் அன்றைய வெள்ளிக்கிழமை இன்னும் முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எல்லோரையும் கொட்டகைக்குக் கூட்டிப்போனோம். ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாவை என் கதிரையில் இருத்தி, நான் பிளேன்ரீ ஊற்றினேன். சீனி முடிந்துபோயிருந்தது. பனங்கட்டியும் இல்லை. ஏதாவது செய்யவேண்டும்போல அதுவரை கையைப் பிசைந்துகொண்டு நின்ற சேர், தான் குடிக்க வைத்திருந்த பாகுப் போத்தலை எடுத்துவந்து தேத்தண்ணியில் தாராளமாக ஊற்றிக் கலக்கிக் கொடுத்தார். நானும் நானாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த அம்மா ஒரு மிடறு குடித்தார். முகம் முழுக்கச் சுருங்கியது. கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதையோ அதுகளுக்குக் குடுத்தனீங்கள்?" என்றார். "பாவங்கள், அதுதான் என்ர சோத்துக்கு வந்ததுகள்."

தம்பியார்தான் முதலில் சிரித்தார், பிறகு பயந்து நிறுத்தினார். அக்கா சிரிக்கவில்லை. நானாவின் சாப்பாட்டுப் பெட்டி மேசையில் மூடியிருந்தது. அதன் பக்கம் கையைக் காட்டி, அதில் சோறு கிடக்கோ தம்பி, எனக்குப் பசிக்குது என்று நானாவைக் கேட்டார்.